ஸ்பானிஷ் ‘பேசுற மாதிரியே எழுதுற’ மொழியா? அப்போ யார் பேசுற மாதிரி?

புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பாடகர் பேட் பன்னி 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆல்பத்தில் ‘பெல்தா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளும் ஒருவர் இந்தச் சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது. அகராதியில் இருப்பது ‘பெர்தாத்’. ‘உண்மை’ என்று அர்த்தம். பேச்சுவாக்கில் ‘அப்படித்தானே?’ என்று கேட்கவும் இதே சொல்தான்.

அப்படியானால் பாட்டின் தலைப்பில் இருப்பது டைப்பிங் மிஸ்டேக்கா? இல்லை. புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சில் பல இடங்களில் ‘ர்’ ஒலி ‘ல்’ ஆகிவிடும். சொல்லின் கடைசியில் வரும் ‘த்’ காணாமல் போய்விடும். ‘பெர்தாத்’ அங்கே ‘பெல்தா’ ஆகிறது. அதை அப்படியே தலைப்பில் எழுதிவிட்டார்கள். அதே ஆல்பத்தில் ‘வெல்தீத்தா’ என்று இன்னொரு பாட்டு. அகராதிப்படி அது ‘புவெல்தீத்தா’. ‘ஒரு சின்ன ரவுண்டு’ என்று சொல்லலாம்.

“ஸ்பானிஷா? ரொம்ப ஈஸி. எப்படிப் பேசுறாங்களோ அப்படியே எழுதிடலாம்” என்று பலரும் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். மாட்ரிட்டில் பேசுவது போல லிமாவில் பேசுவதில்லை. லிமாவில் பேசுவது போல புவெனஸ் அயர்ஸில் பேசுவதில்லை. ஆனால் எழுதுவது மட்டும் எல்லாருக்கும் ஒன்று. அப்படியானால் அந்த ஸ்பெல்லிங் யாருடைய பேச்சைப் பார்த்து முடிவானது? அப்படிப் பேசாதவர்கள் என்ன செய்கிறார்கள்?

(ஸ்பானிஷ் எழுத்துகளை இந்தக் கட்டுரையில் நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறோம்: எஸ், சி, இசட், எக்ஸ் என்று.)

வாசிக்க ஈஸி, எழுத அவ்வளவு ஈஸி இல்லை

எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது ஒரு வேலை. ஒலியைக் கேட்டு எழுத்தைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘பேசுற மாதிரியே எழுதலாம்’ என்ற பேச்சே வருகிறது.

முதல் வேலையில் ஸ்பானிஷ் கில்லாடி. அதன் விதிகளைச் சில நாட்களில் கற்றுக்கொண்டு, அர்த்தம் புரியாவிட்டாலும் ஒரு செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது.

இரண்டாவது வேலையில் கதை வேறு. ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்துகள் உண்டு. ‘ஓலா’ என்று கேட்டால் அது ‘ஹலோ’வாகவும் இருக்கலாம், கடல் அலையாகவும் இருக்கலாம். முதலாவதை எச் எழுத்தோடு எழுத வேண்டும். இரண்டாவதற்கு எச் கிடையாது. எச் எழுத்துக்கு இங்கே ஒலியே இல்லாததால் காதை நம்பிப் பயனில்லை.

இந்த எச் தொல்லை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பொது. ஆனால் வேறு சில எழுத்துகளின் தொல்லை, நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாட்ரிட் குழந்தைக்குக் காது சொல்லும், லிமா குழந்தைக்குச் சொல்லாது

‘காசா’ என்றால் வீடு. எஸ் போட்டு எழுத வேண்டும். அதே இடத்தில் இசட் போட்டால் ‘வேட்டை’ என்று அர்த்தம் மாறும். மாட்ரிட்டில் இந்த இரண்டு சொற்களும் வேறு வேறாகக் கேட்கும். அங்கே இசட் எழுத்தைச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்று சொல்வது போல, நாக்கு நுனி பல்லிடுக்கில் வரும். வேட்டை அங்கே ‘காத்தா’ மாதிரி ஒலிக்கும். ஈ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் வரும் சி எழுத்துக்கும் இதே ஒலிதான்.

பெரு நாட்டின் லிமாவில் இந்த வேறுபாடு கிடையாது. வீடும் ‘காசா’, வேட்டையும் ‘காசா’. எஸ், இசட், சி மூன்றுக்கும் ஒரே ‘ச’ ஒலி. இதற்கு ஸ்பானிஷில் ‘செசேயோ’ என்று பெயர். மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, கியூபா என லத்தீன் அமெரிக்கா முழுக்க அநேகமாக இதுதான் வழக்கம். ஸ்பெயினுக்குள்ளேயே கேனரி தீவுகளிலும் தெற்கே அந்தலூசியாவின் பல பகுதிகளிலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

விளைவு என்ன? ‘கோசேர்’ என்ற ஒலிக்கு ‘தைப்பது’, ‘வேகவைப்பது’ என இரண்டு அர்த்தம். ‘அப்ராசார்’ என்றால் ‘கட்டிப்பிடிப்பது’ அல்லது ‘எரித்துப் பொசுக்குவது’. “உன்னைக் கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு” என்று ஆசையாக மெசேஜ் அனுப்பும்போது ஓர் எழுத்து மாறினால், மறுமுனையில் இருப்பவர் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் போட வேண்டும்.

பேச்சில் சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சமையலைப் பற்றிப் பேசும்போது குழப்பமில்லாத வேறொரு சொல்லைப் போட்டும் சமாளிக்கிறார்கள். ஆனால் டிக்டேஷனில் சமாளிக்க முடியாது. டீச்சர் ஒரு சொல்லைச் சொல்கிறார். மாட்ரிட் குழந்தை அந்த ஒலியிலேயே விடையைக் கேட்டுவிடும். லிமா குழந்தைக்கு டீச்சரின் வாயிலிருந்தும் விடை வராது. ஏனென்றால் டீச்சருக்கும் அதே உச்சரிப்புதான். எந்தச் சொல்லுக்கு எஸ், எதற்கு சி, எதற்கு இசட் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ஸ்பெயினின் மொத்த மக்கள்தொகையே ஐந்து கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் எல்லாரும் இந்த ஒலிகளைப் பிரித்துச் சொல்வதில்லை. ஆக, 50 கோடிப் பேரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாதவர்களின் நாக்குக்குத்தான் இந்த ஸ்பெல்லிங் கச்சிதமாகப் பொருந்துகிறது.

எல்லாம் ஒரு துறைமுகத்தால் வந்தது

இது எப்படி நடந்தது? இடைக்கால ஸ்பானிஷில் இந்த எழுத்துகளுக்குத் தனித்தனி ஒலிகள் இருந்தன. அப்போதைய சி எழுத்து ‘த்ஸ’ என்பது போல ஒலித்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்த ஒலிகள் வேகமாக மாறத் தொடங்கின. வடக்கிலும் நடுப்பகுதியிலும் அந்தப் பழைய ஒலி மெல்ல மெல்ல நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கும் ஒலியாக மாறியது. தெற்கே செவில்லா நகரத்தில் அது எஸ் ஒலியோடு கலந்தே போனது.

அமெரிக்கக் கண்டத்தோடு நடக்கும் வர்த்தகம் முழுவதையும் கட்டுப்படுத்த 1503இல் ஸ்பெயின் அரசு ஓர் அலுவலகம் திறந்தது. அது அமைந்த இடம் செவில்லா. கப்பல் ஏறியவர்களில் பெரும் பங்கினர் தெற்கத்திக்காரர்கள். மற்றவர்களும் கப்பலுக்காக அங்கே வந்து காத்திருந்தவர்கள். வழியில் கேனரி தீவுகளில் கப்பல்கள் நின்று போகும். ஆகவே கடலைத் தாண்டிப் போய் வேரூன்றியது செவில்லாவின் உச்சரிப்பு.

ஸ்பெல்லிங் விதிகள் எழுதப்பட்டது மட்டும் மாட்ரிட்டில். அங்கே 1713இல் ராயல் ஸ்பானிஷ் அகாடமி தொடங்கப்பட்டது. 1741இல் அதன் முதல் எழுத்துமுறை நூல் வெளிவந்தது. எஸ் ஒரு பக்கம், சி மற்றும் இசட் மறுபக்கம் என்று வடக்கத்திப் பேச்சை ஒட்டிய பிரிவு அதில் நிலைத்துவிட்டது. உச்சரிப்பு ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்பியது. ஸ்பெல்லிங் ஒரு தலைநகரத்திலிருந்து கிளம்பியது. இரண்டும் இன்றுவரை முழுதாகச் சேரவில்லை.

மழையா, ‘ஷுவியா’வா?

இன்னொரு தகராறு டபுள் எல், வை எழுத்துகளுக்கு நடுவில். டபுள் எல் ஒரு காலத்தில் ‘ல்ய’ என்பது போல ஒலித்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் அது ‘ய’ ஆகிவிட்டது. வை எழுத்தும் ‘ய’தான். அதனால் ‘பாயா’ என்று கேட்டால் ‘போகட்டும்’, ‘வேலி’, ‘சிறு கனி’ என மூன்று சொற்கள் வரிசையில் நிற்கும். மூன்றுக்கும் ஸ்பெல்லிங் வேறு.

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸிலும் உருகுவேயின் மான்டெவிடியோவிலும் இந்த ஒலி ‘ஷ’ என்றே வரும். மழைக்கு மற்ற ஊரில் ‘யுவியா’, அங்கே ‘ஷுவியா’. ‘நான்’ என்பதற்கு மற்ற ஊரில் ‘யோ’, அங்கே ‘ஷோ’. ஆனாலும் டபுள் எல்லும் வையும் கலந்துபோன விஷயத்தில் அவர்களும் மற்றவர்களும் ஒன்றுதான். குழப்பமும் அதேதான்.

இந்த இடத்தில் அதிர்ஷ்டசாலிகள் யார் தெரியுமா? பராகுவேயிலும், பொலிவியாவிலும், பெருவின் ஆண்டீஸ் மலைப்பகுதிகள் சிலவற்றிலும் இருப்பவர்கள். பழைய ‘ல்ய’ ஒலியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆண்டீஸ் பகுதியின் கெச்சுவா, அய்மாரா மொழிகளிலும் இதே ஒலி உண்டு. தலைநகரத்துக்காரர் தடுமாறும் சொல்லை மலைக்கிராமத்துக் குழந்தை காதால் கேட்டே சரியாக எழுதிவிடும்.

கழுதையும் பசுவும்

பி, வி இரண்டும் ஸ்பானிஷில் ஒரே ஒலிதான். இது ஊருக்கு ஊர் மாறாது. ஸ்பெயின், அமெரிக்கக் கண்டம் இரண்டிலும் இதே நிலைதான். அதனால்தான் வி எழுத்தில் தொடங்கும் ‘உண்மை’ என்ற சொல்லைத் தொடக்கத்தில் ‘பெர்தாத்’ என்று எழுத வேண்டியிருந்தது. ‘தூபோ’ என்று கேட்டால் அது குழாயாகவும் இருக்கலாம், ‘வைத்திருந்தார்’ என்பதாகவும் இருக்கலாம். எந்த எழுத்து எங்கே என்பதைப் பெரும்பாலும் லத்தீன் மூலச்சொல்லைப் பார்த்துத்தான் அகாடமி முடிவு செய்தது.

ஒலி ஒன்று என்றால் போனில் ஸ்பெல்லிங் சொல்வது எப்படி? அங்கேதான் ஊர் வழக்கம் வருகிறது. மெக்சிகோக்காரர் ‘பெரிய பே’, ‘சின்ன பே’ என்பார். அர்ஜென்டினாக்காரர் ‘நீள பே’, ‘குட்டை பே’ என்பார். ஸ்பெயின்காரர் வி எழுத்துக்கு ‘ஊபே’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார். ‘கழுதையோட பே’, ‘பசுவோட பே’ என்பது இன்னும் பிரபலம். கழுதைக்கு ‘பூர்ரோ’ என்று பெயர், அதற்கு பி. பசுவுக்கு ‘பாக்கா’ என்று பெயர், அதற்கு வி. எல்லாரும் ‘ஊபே’ என்றே சொல்லலாமே என்று 2010இல் அகாடமிகள் பரிந்துரைத்தன. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும், கழுதையும் பசுவும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

நாக்கு ஜெயித்த இடங்கள்

எப்போதும் ஸ்பெல்லிங்தான் ஜெயிக்கும் என்றில்லை. வட்டார உச்சரிப்பு அகராதிக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்த உதாரணங்கள் உண்டு.

ஸ்பானிஷில் வேலைநிறுத்தத்துக்கு ‘உவெல்கா’ என்று பெயர். எச் எழுத்தில் தொடங்கும், ஆனால் அது ஒலிக்காது. ‘ஹுவெர்கா’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. விடிய விடியக் கூத்தும் கொண்டாட்டமும் என்று அர்த்தம். இது ஜே எழுத்தில் தொடங்கும். இரண்டும் உண்மையில் ஒரே சொல். அந்தலூசியாவில் பழைய எச் ஒலி சாகாமல் ‘ஹ’ என்றே இருந்தது. அங்கே ‘ல்’ பல இடங்களில் ‘ர்’ ஆகும். ‘வேலை செய்யாமல் ஓய்ந்திருப்பது’ என்ற பழைய அர்த்தம் வடக்கே வேலைநிறுத்தமாகவும் தெற்கே கொண்டாட்டமாகவும் பிரிந்தது. தெற்கத்தி உச்சரிப்பு தனி ஸ்பெல்லிங்கோடு தனிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

ஃபிளமென்கோ இசையின் பழமையான வடிவத்துக்குக் ‘காந்தே ஹோந்தோ’ என்று பெயர். ‘ஆழமான பாட்டு’ என்று பொருள். ஆழத்துக்கு அகராதிச் சொல் ‘ஓந்தோ’. ஒலிக்காத எச்சோடு எழுத வேண்டும். ஆனால் இந்தப் பாட்டின் பெயரை யாரும் அப்படி எழுதுவதில்லை. அந்தலூசியாக்காரர் சொல்வது போல ஜே போட்டே எழுதுகிறார்கள். 1922இல் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் கிரனாடாவில் முன்னின்று நடத்திய போட்டியின் பெயரிலும் அந்த ஜேதான் இருந்தது.

சின்னச் சின்ன வெற்றிகளும் உண்டு. செப்டம்பர் மாதத்தை ‘செப்தியெம்ப்ரே’ என்றும் எழுதலாம், பி எழுத்தை விட்டுவிட்டு ‘செத்தியெம்ப்ரே’ என்றும் எழுதலாம். பெருவிலும் உருகுவேயிலும் இரண்டாவது வடிவம் சாதாரணம். மெக்சிகோவில் கால்பந்தைச் சொல்லும்போது அழுத்தம் கடைசி அசையில் விழும்: ‘ஃபுத்-போல்’. ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவிலும் முதல் அசையில் விழும்: ‘ஃபூத்-போல்’. அழுத்தம் விழும் இடத்தைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போடும் வழக்கம் ஸ்பானிஷில் உண்டு. அதனால் ஸ்பெயினில் இந்தச் சொல்லுக்குக் கோடு உண்டு, மெக்சிகோவில் கிடையாது. இரண்டும் சரி என்று அகாடமி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘வீடியோ’வுக்கும் இதே மாதிரி இரண்டு ஸ்பெல்லிங்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தத் தாராளம் காட்டப்படவில்லை. திரைக்கதைக்கும், இரண்டு சொற்களை இணைக்கும் சிறு கோட்டுக்கும் ஸ்பானிஷில் ஒரே சொல்தான். மெக்சிகோவில் பெரும்பாலும் அதை ஒரே அசையாக ‘க்யோன்’ என்பார்கள். ஸ்பெயினில் பலர் ‘கி-ஓன்’ என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். இரண்டு அசை என்றால் விதிப்படி கடைசியில் அழுத்தக்குறி வர வேண்டும். ஓர் அசை என்றால் வரக்கூடாது. 1999இல் ‘உங்கள் உச்சரிப்புப்படி எழுதுங்கள்’ என்று அனுமதித்தார்கள். 2010இல் ‘இனி யாருக்கும் குறி வேண்டாம்’ என்று முடிவெடுத்தார்கள். இந்த முறை உச்சரிப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது ஸ்பெயின்காரர்கள். அங்கே பத்திரிகைகளில் சண்டையே நடந்தது.

பெயரில் இருக்கும் எக்ஸ்

‘மெக்சிகோ’ என்று நாம் சொல்லும் நாட்டின் பெயரை அந்த நாட்டுக்காரர்கள் ‘மெஹிகோ’ என்கிறார்கள். எழுதுவதோ எக்ஸ் போட்டு. ஏன்?

ஸ்பானியர்கள் அங்கே போய் இறங்கிய 16ஆம் நூற்றாண்டில் எக்ஸ் எழுத்துக்கு ‘ஷ’ ஒலி இருந்தது. உள்ளூர் நாவாத் மொழியில் ‘மெஷிகா’ மக்களின் ஊர்ப் பெயரைக் கேட்டு, ‘ஷ’ ஒலிக்கு எக்ஸ் போட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு ஸ்பானிஷிலேயே அந்த ‘ஷ’ தொண்டைக்கு இறங்கி ‘ஹ’ மாதிரி ஆகிவிட்டது. 1815இல் அகாடமி ஒரு சீர்திருத்தம் செய்தது: தொண்டை ஒலிக்கு ஜே எழுத்து, எக்ஸ் இனி ‘க்ஸ’ ஒலிக்கு மட்டும். செர்வாண்டெஸின் ‘டான் கிஹோத்தே’கூட அதுவரை எக்ஸ் போட்டுத்தான் எழுதப்பட்டது. பிறகு ஜே ஆனது. ஆங்கிலத்தில் இன்னும் பழைய எக்ஸ் இருப்பதால்தான் நாம் ‘குயிக்ஸாட்’ என்று படிக்கிறோம்.

அந்தச் சமயத்தில் மெக்சிகோ சுதந்திரத்துக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தது. 1821இல் விடுதலை கிடைத்தது. மாட்ரிட் சொன்னதற்காக நாட்டின் பெயரை மாற்ற அவர்கள் தயாராக இல்லை. எக்ஸ் அப்படியே நின்றது. ஸ்பெயினில் பலர் ஜே போட்டு எழுதுவதைத் தொடர, மெக்சிகோக்காரர்களுக்கு அது சுதந்திரத்தையே சீண்டுவது போலப் பட்டது. இன்று அகாடமியே எக்ஸ் வடிவத்தைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒரு பக்கவிளைவு: மெக்சிகோவில் எக்ஸ் எழுத்து ‘க்ஸ’, ‘ஹ’, ‘ஷ’ என மூன்று விதமாக ஒலிக்கும். சோச்சிமில்கோ என்ற ஊர்ப் பெயரில் அதுவே ‘ச’ ஆகிவிடும். ‘பார்த்து அப்படியே வாசி’ என்ற விதி இங்கே கொஞ்சம் தடுமாறும்.

பெருவின் பழைய இன்கா தலைநகரத்துக்கும் இப்படி ஒரு கதை. ஸ்பானியர்கள் அதை இசட் போட்டு எழுதினார்கள். மாட்ரிட்காரர் அதை வாசித்தால் நாக்கு பல்லிடுக்குக்குப் போய்விடும். ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கெச்சுவாவிலும் அங்கே இருப்பது ‘ஸ்’தான். அதனால் பெருவில் இன்று எஸ் போட்டு ‘குஸ்கோ’ என்றே அதிகாரபூர்வமாக எழுதுகிறார்கள். ஸ்பெயினில் இசட் வடிவம் இன்னும் இருக்கிறது.

“எங்க வாயில இல்லாத எழுத்து எங்களுக்கு எதுக்கு?”

இந்தக் கேள்வியை முதலில் பெரிய அளவில் எழுப்பியவர்கள், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் அறிஞர்கள். கராகஸில் பிறந்த ஆந்த்ரேஸ் பேயோ, 1823இல் லண்டனில் இருந்தபடி கொலம்பியாவைச் சேர்ந்த ஹுவான் கார்சியா டெல் ரியோவோடு சேர்ந்து ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஒலிக்காத எச்சை நீக்கலாம், ‘ஹ’ ஒலி வரும் இடத்தில் எல்லாம் ஜி எழுத்தை விட்டுவிட்டு ஜே போடலாம் என்பது போன்ற யோசனைகள். ஏழைக் குழந்தைகளும் சீக்கிரம் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பது அவருடைய அக்கறை. ஆனாலும் எஸ், இசட் வேறுபாட்டில் அவர் கை வைக்கவில்லை.

அதில் கை வைத்தவர் டொமிங்கோ சார்மியெந்தோ. பின்னாளில் அர்ஜென்டினாவின் ஜனாதிபதி ஆனவர். 1843இல் சிலே பல்கலைக்கழகத்தில் வாசித்த அறிக்கையில், இசட் ஒலி அமெரிக்கக் கண்டத்து மக்களின் வாயில் இல்லை, அதனால் அந்த எழுத்தே நமக்கு வேண்டாம் என்று வாதிட்டார். அதிர்ந்துபோன பல்கலைக்கழகம் 1844இல் ஒரு நடுவழியைப் பிடித்தது. இசட் தப்பித்தது. ‘ஹ’ ஒலி வரும் இடங்களில் ஜே, உயிரெழுத்தாக வரும் வை எழுத்துக்குப் பதில் ஐ என்பது போன்ற மாற்றங்கள் வந்தன. அதே 1844இல் மாட்ரிட்டில் ராணி இரண்டாம் இசபெல்லின் அரசு, பள்ளிகளில் அகாடமியின் ஸ்பெல்லிங்கை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சிலேயின் தனி ஸ்பெல்லிங் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருந்து, 1927இல் முடிவுக்கு வந்தது.

பிறகு 1997இல் மெக்சிகோவின் சகதேகாஸ் நகரத்தில் முதலாவது சர்வதேச ஸ்பானிஷ் மொழி மாநாடு. நோபல் பரிசு பெற்ற காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் மேடை ஏறினார். ஸ்பெல்லிங்குக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஒலிக்காத எச்களைப் புதைக்க வேண்டும் என்றார். கழுதையும் பசுவுமாக இரண்டு பே எதற்கு என்றும் கேட்டார். உலகம் முழுக்க ஸ்பானிஷ் பத்திரிகைகளில் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. ஸ்பெல்லிங் மாறவில்லை.

அப்போ ஏன் மாற்றவில்லை?

‘ஒவ்வொருத்தரும் பேசுற மாதிரி எழுதட்டுமே’ என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. கொஞ்சம் நடைமுறையில் யோசித்தால் சிக்கல் புரியும்.

லிமாவுக்காக இசட்டை நீக்கினால், அந்த ஒலியைச் சொல்லும் மாட்ரிட்காரர் என்ன செய்வார்? ‘ஷ’ ஒலிக்குப் புவெனஸ் அயர்ஸ் என்ன எழுத்து போடும்? கரீபியன் தீவுகளிலும் சிலேயிலும் அந்தலூசியாவிலும் அசையின் கடைசியில் வரும் ‘ஸ்’ வெறும் மூச்சாகிவிடும், அல்லது மறைந்தே போகும். ஸ்பானிஷில் பன்மையைக் காட்டுவதே அந்த ‘ஸ்’தான். அதை எழுத்திலும் விட்டுவிட்டால் ஒருமை எது, பன்மை எது?

சரி, ஒரே ஒரு வட்டாரத்துக்காவது தனி ஸ்பெல்லிங் சாத்தியமா? அதையும் பார்த்தார்கள். ‘குட்டி இளவரசன்’ நூலின் அந்தலூசிய வடிவம் 2017இல் ‘எர் பிரின்ஸிபித்தோ’ என்ற பெயரில் வந்தது. வழக்கமான ஸ்பானிஷில் அது ‘எல் பிரின்ஸிபித்தோ’. ரசித்தவர்களும் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அங்கேயும் பழைய கேள்விதான் வந்து நின்றது. அந்தலூசியாவில் ஓர் ஊரில் எல்லாமே ‘ச’. அடுத்த ஊரில் எல்லாமே பல்லிடுக்கு ஒலி. இன்னோர் ஊரில் இரண்டும் தனித்தனி. அந்தலூசிய ஸ்பெல்லிங் என்றால், எந்த ஊருடையது?

இன்று பொகோட்டாவில் அச்சாகும் புத்தகத்தை மாட்ரிட்டில் இருப்பவர் தடையில்லாமல் வாசிக்கிறார். மெக்சிகோவில் எழுதிய சட்ட ஒப்பந்தம் சிலேயில் புரிகிறது. இந்த வசதிக்கான விலையை எல்லாரும் சமமாகக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. லிமாவிலும் செவில்லாவிலும் இருக்கும் குழந்தை கூடுதலாக மனப்பாடம் செய்கிறது. எஸ்ஸுக்குப் பதில் சி போட்ட வேலை விண்ணப்பத்தைப் பார்த்து ‘படிக்காதவர்’ என்று ஒதுக்கும் அதிகாரி, அது அறிவுக்குறைவு அல்ல, அந்த ஊரின் உச்சரிப்பு தாளில் விட்ட தடம் என்று யோசிப்பதில்லை.

இந்தப் பாரத்தை ஓரளவாவது பகிர ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மாட்ரிட் தனியாக முடிவெடுத்தது. 1951இல் மெக்சிகோவில் பல நாட்டு அகாடமிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உருவானது. 2010ஆம் ஆண்டின் எழுத்துமுறை நூலுக்கு ஒப்புதல் தரப்பட்டதும் மெக்சிகோவின் குவாதலஹாராவில்தான். செசேயோ ஒரு குறை அல்ல, முழுக்கச் சரியான உச்சரிப்பு என்பதும் இன்று அகாடமியே ஏற்றுக்கொண்ட விஷயம். லிமாக்காரர் ‘காசா’ என்று சொல்வதைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. எழுதுவதை மட்டும்தான் திருத்த முடியும்.

போனில் நடக்கும் புரட்சி

மிச்சத்தை ஸ்மார்ட்போன் பார்த்துக்கொள்கிறது. மெக்சிகோ இளைஞர்கள் நண்பனை ‘வே’ என்று கூப்பிடுவார்கள், நம்ம ‘மச்சி’ மாதிரி. எருது என்ற சொல்லிலிருந்து வந்தது. அகராதியில் ஜி எழுத்தில் தொடங்கும் வடிவம் இருக்கிறது. சாட்டில் டபிள்யூ போட்டே தட்டுகிறார்கள். சிலேயின் ‘வெயோன்’ சாட்டில் டபிள்யூவோடுதான் வரும். அந்தலூசியாவின் உணவகங்களில் வறுத்த சிறு மீனின் பெயர் ‘பெஸ்காதீத்தோ’ என்று இல்லாமல், நடுவில் ‘த’ உதிர்ந்த ‘பெஸ்காயீத்தோ’ என்று மெனுவிலேயே இருக்கும்.

இவர்களில் பலர் மறுநாள் ஆபீஸ் மெயிலில் அகாடமி ஸ்பெல்லிங்கைத்தான் எழுதுவார்கள். ஸ்பெல்லிங் தெரியாமல் மாற்றுவது ஒன்று. தெரிந்தே, ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று காட்டுவதற்காக மாற்றுவது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘பெல்தா’ என்ற அந்தப் பாட்டுத் தலைப்பிலேயே பார்க்கலாம். ‘பெர்தாத்’ மெய்யெழுத்தில் முடிவதால் அதற்கு அழுத்தக்குறி தேவையில்லை. கடைசி ‘த்’ உதிர்ந்து உயிரெழுத்தில் முடிந்தால், அகாடமி விதிப்படி குறி போட்டே ஆக வேண்டும். பாட்டின் தலைப்பில் அந்தக் குறி சரியாகப் போடப்பட்டிருக்கிறது.